தவிட்டுக்கொய்யா பூக்க மறுப்பது ஏன்?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியுள்ளார். வீட்டையொட்டிய காரட் பாத்தியின் ஓரத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர் நட்ட தவிட்டுக்கொய்யாச் செடி இடுப்பளவு வளர்ந்தும் இதுவரை ஒரு பூகூட வைக்கவில்லை. இந்த ஆண்டு கொழுந்து இலைகளும் மஞ்சளாக வருகின்றன. பாத்திக்கு இட்ட சுண்ணாம்பையும் கோழி எருவையும், விறகடுப்புச் சாம்பலையும் செடிக்கும் தவறாமல் இட்டிருக்கிறார். இன்னும் என்ன உரம் கொடுக்கலாம் என்பது அவருடைய கேள்வி.

எந்த உரமும் வேண்டாம் என்பதே என் பதில். அக்கறையோடு இட்டவைதாம் அந்தச் செடியை வாட்டுகின்றன.

தவிட்டுப்பழம் என்று மலைமக்கள் சொல்லும் இந்தக் குறுஞ்செடி, தாவரவியலில் ரோடோமிர்ட்டஸ் டொமென்ட்டோசா எனப்படுகிறது. கொய்யா, நாவல், கிராம்பு ஆகியவற்றோடு, வெளியிலிருந்து வந்து நீலகிரியை நிறைத்துவிட்ட கற்பூர மரத்துக்கும் (யூகலிப்டஸ்) இது உறவு. ஆனால் இது இந்த மலையின் சொந்தச் செடி. புல்வெளிச் சரிவிலும் சோலையின் வெளியோரத்திலும், மழை சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்விட்ட புளித்த செம்மண்ணில், முழு வெயிலில் வளர்ந்து பழகியது. காரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் இந்த மண்ணின் அமிலத்தன்மை தடையாக இருப்பதால் நாம் சுண்ணாம்பு இட்டு அதைத் தணிக்கிறோம். தவிட்டுக்கொய்யாவுக்கு வேண்டியதோ அந்த அமிலத்தன்மைதான்.

சுண்ணாம்பு மிகுந்தால் மண்ணிலுள்ள இரும்புச்சத்து வேர் உறிஞ்ச முடியாத வடிவில் கட்டுண்டுவிடும். பச்சையம் உருவாக இரும்பு தேவை. ஒருமுறை முதிர்ந்த இலையில் சேர்ந்த இரும்போ அங்கிருந்து கொழுந்துக்கு எளிதில் நகராது. ஆகவே ஒரு கொழுந்து இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை ஓடும் மூன்று நரம்புகள் பச்சையாகவும், இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை என்று கொள்ளலாம். மாறாக, அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் முழுவதுமாக வெளுத்தால் அது தழைச்சத்துக் குறை. கோழி எரு இட்ட செடியில் அதற்கு வாய்ப்பு குறைவு. இலையைத் திருப்பினால் தெரியும் சாம்பல் வெண்மையான மென்பூச்சு நோயன்று. அது இந்தச் செடியின் இயல்பு என்பதால், பூஞ்சை என்று எண்ணி மருந்து தெளித்துவிட வேண்டாம்.

சுண்ணாம்பு, சாம்பல், கோழி எரு மூன்றையும் உடனே நிறுத்துங்கள். சாம்பலும் சுண்ணாம்பைப் போலவே மண்ணின் புளிப்பைப் போக்கும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தற்காலிக நிவாரணமாக, 1 லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலை வேளையில் முதலில் ஒரு கிளைக்கு மட்டும் தெளித்து, இலை கருகவில்லை என்று உறுதியான பிறகு மற்றக் கிளைகளுக்கும் தெளிக்கலாம். பின்னர் வேரடி மண்ணை 15 செ.மீ. ஆழம்வரை எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் கூடினால் புளிப்பு குறைவு) 6-க்கு மேல் இருந்தால் மட்டும் அவர்கள் சொல்லும் அளவில் கந்தகத்தூள் இடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக மாற்றியாக வேண்டும் என்பதால், பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

பூக்காததற்குச் சுண்ணாம்பு மட்டும் காரணமாக இருக்காது. செடிக்குக் கிழக்கே சில்வர் ஓக் வரிசை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலை வெயிலை அது மறைக்கிறது என்றால் அந்த மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுங்கள். எருவின் தழைச்சத்தும் சேர்ந்தால் செடி இலையாகவே தழைக்கும், மொட்டு வைக்காது. இயல்பிலேயே மெதுவாக வளரும் செடி என்பதால் மூன்று ஆண்டுக் காத்திருப்பை நான் பெரிதாக எண்ணவில்லை. பூக்கட்டும் என்று இப்போது கவாத்து செய்யவும் வேண்டாம். பழம் பறித்து முடிந்த பிறகு, நீண்டுபோன நுனிகளை மட்டும் வெட்டினால் போதும்.

மொட்டு விரியும்போது இளஞ்சிவப்பு இதழ்கள் ஐந்தும், நடுவே கொத்தாக எண்ணற்ற மகரந்தத் தாள்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நாள் செல்லச் செல்ல இதழ்கள் வெளிறி வெண்மையாகும். அது வாட்டமன்று, அப்போது நீர் ஊற்றிக் குளிப்பாட்டத் தேவையில்லை.