சாம்பிள் அனுப்ப அரசு உதவுமா?

கேள்வி: மாம்பழக்கூழ் ஏற்றுமதி பண்ணலாம்னு இருக்கேன் சார், வெளிநாட்டு பையர் முதல்ல சாம்பிள் கேக்குறாங்க, அரசாங்கம் ஏதாவது ஹெல்ப் பண்ணுமா?

பதில்: பண்ணும்ங்க. 1986-ல ஆரம்பிச்ச அபீடா (வேளாண், பதப்படுத்தின உணவுப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்), வணிக அமைச்சகத்துக்குக் கீழ இருக்கு, பழம், காய்கறி, அரிசி எல்லாம் அவங்கதான் பாக்குறாங்க, மிளகு மஞ்சள்னா ஸ்பைசஸ் போர்டு. ஐ.இ.சி. நம்பர் (ஏற்றுமதி, இறக்குமதி பண்றவங்களுக்கான அடையாள எண்) வாங்கி அபீடால பதிவு பண்ணுங்க. துபாய் கல்ஃபுட் மாதிரி உணவுக் கண்காட்சியில இந்தியா அரங்கு போடுறாங்க, அங்க உங்க சாம்பிளை வச்சு பத்து பையரை நேர்ல பார்த்துடலாம், தனித்தனியா கூரியர் போடுறதைவிட இதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது. ஆனா ஒண்ணு, நல்ல சரக்கை மட்டும் பொறுக்கி சாம்பிள் குடுக்காதீங்க, கன்டெய்னர்ல போறதும் அதே தரம் இல்லேன்னா பையர் திருப்பி அனுப்பிடுவார். பின்னாடி ஒப்பிட்டுப் பார்க்க, சாம்பிள் எடுத்த அதே லாட்ல (ஒரே தடவையில தயாரான சரக்குல) ஒரு பாக்கெட் உங்ககிட்டயும் சீல் பண்ணி வச்சுக்கோங்க.