முதல் மிதியில் இறங்கி, இரண்டாம் மிதியில் பிடிக்கும் பிறேக்

கோப்பாயிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பப்பா விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் 1000, 1960 ஆம் ஆண்டுக் கார். பிறேக்கை முதல் தரம் மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே மறுபடி மிதித்தால் மேலேயே நின்று பிடிக்கிறது. சடாரென்று பிடித்தால் கார் இடப்பக்கம் இழுக்கிறது. மாஸ்ரர் சிலிண்டரை (பெடலை மிதிக்கப் பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் பகுதி) மாற்றச் சொல்கிறார்களாம். "வீட்டில் வைத்து நானே பார்க்கலாமா?" என்று கேட்கிறார்.

பார்க்கலாம் தம்பி. மாஸ்ரர் சிலிண்டருக்கு இப்போதைக்குக் காசைக் கரைக்க வேண்டாம்.

காரை நிறுத்திவிட்டு பெடலைக் காலால் கேளுங்கள். இரண்டாம் மிதியில் உயர்ந்து கல்லுப்போல நின்றால், சூவுக்கும் (உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் வளைந்த பாகம்) ட்றம்முக்கும் (சில்லோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்) இடைவெளி கூடிவிட்டது. முதல் மிதி அந்த இடைவெளியை அடைக்கவே போய்விடுகிறது. உயர்ந்தும் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று. காலை எடுக்காமல் அழுத்தி வைத்திருக்க மெல்ல மெல்லக் கீழே போனால்தான் எங்கோ கசிவு, அல்லது மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர் கப் தேய்ந்துவிட்டது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவது வகை.

சமமான சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே குனிய வேண்டாம், ஸ்ராண்டும் வேண்டும். பின்பக்கம் செய்யும்போது ஹான்ட் பிறேக்கை விட்டுவிடுங்கள். சில்லைக் கழற்றி ட்றம்மைச் சுற்றினால், அதிலுள்ள துவாரத்துக்கு நேரே தலையில் பிளவுள்ள அட்ஜஸ்ரர், அதாவது அந்த இடைவெளியைக் குறைக்கும் திருகு, தெரியும். முன் சில்லுகளில் இரண்டிரண்டு, பின் சில்லுகளில் ஒவ்வொன்று. ட்றம் இறுகும்வரை வலஞ்சுழியாகத் திருப்பி, ஒரு 'கிளிக்' மட்டும் பின்னால் விடுங்கள். பெடலை ஒருமுறை பலமாக மிதித்துவிட்டு மறுபடி சரிபாருங்கள். லேசாக உரசும் சத்தம் கேட்டால் பரவாயில்லை. பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும், செலவு சதமும் இல்லை.

இடப்பக்கம் இழுப்பது வேறு கதை. எல்லோரும் இடது சில்லைக் கழற்றத்தான் ஓடுவார்கள். கார் இழுபடுவது நன்றாகப் பிடிக்கும் பக்கத்துக்கு. சோம்பேறி வலது முன் சில்லாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இந்தக் காரில் முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிறேக் சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு சூவைத் தள்ளும். ஒன்று துருவேறி இறுகினால் அந்தச் சில்லுக்குப் பாதிப் பிறேக்தான். கடல் உப்புக்காற்றில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கார்களுக்கு இது வழமையான வியாதி. ட்றம்மைக் கழற்றி, ஒருவரைப் பெடலை மெதுவாக, மிக மெதுவாக அழுத்தச் சொல்லி, எந்தச் சூ அசையவில்லை என்று பாருங்கள். கூட அழுத்தினால் பிஸ்ரன் வெளியே பாய்ந்துவிடும். (பின்னுக்கு எடுக்கும்போது பிறேக் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். இந்த அமைப்பு முன்னோட்டத்துக்கென்றே செய்தது.)

சூ ஈரமாக இருந்தால் அந்தத் திரவத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். பிறேக் ஒயில் கரைந்துவிடும். மிதந்தால் கியர் ஒயில். பின் சில்லுகளில் அச்சின் சீல் வழியாக அதுவும் வரும். எதுவானாலும் நனைந்த லைனிங்கை (சூவின் மேலுள்ள உரசும் பட்டை) கழுவிப் போட்டுப் பயனில்லை. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். புதுச் சூ வாங்கமுன் ட்றம்மை அளந்துகொள்ளுங்கள்: 1962 இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் ட்றம் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனது. உங்களுடையது 7 ஆக இருக்கவேண்டும். ஆனால் அறுபது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ!

இனி ஒரு கெட்ட பழக்கம். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் காரோட்டிய ஊர் இது. அந்தக் கை இன்னும் மாறவில்லை, எதைக் கழுவவும் மண்ணெண்ணெய்தான் எடுக்கிறோம். எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது, பிறேக் பொறுக்காது. மண்ணெண்ணெயோ கிறீசோ பட்டால் சிலிண்டரின் றப்பர் ஊதி இறுகிவிடும். உள்ளே கழுவ மெதைலேற்றட் ஸ்பிரிட் அல்லது புதுப் பிறேக் ஒயில் மட்டும். ஊற்றுவதற்கு டொட் 3 அல்லது 4 ரகப் பிறேக் ஒயில் போதும். இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஆகவே போன வருடம் திறந்த போத்தலை ஊற்றாதீர்கள். பெயின்ரில் பட்டால் உடனே தண்ணீர் விடுங்கள்.

சிலிண்டரைத் திறந்தால் உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுக்கவேண்டும். பிறேக் ஒயில் ஊற்றும் மூடி சாரதியின் காலடிப் பாயின் கீழே. திறக்கமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். தூரத்திலுள்ள இடது பின் சில்லில் தொடங்கி வலது முன்னில் முடியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பெடல் மெல்ல இறங்கினால்தான் மாஸ்ரர் சிலிண்டர். அது காரின் அடிச்சட்டத்துக்குள் மறைந்திருக்கும். போல்ற்றை இழுக்கவிடாமல் குறுக்கே நிற்பது முன்சில்லின் ரோர்ஷன் பார். பாரத்தைத் தாங்கி முறுகி நிற்கும் கம்பி அது. அந்த வேலையைக் கராஜில் கொடுங்கள்.

நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் இணைப்புத்தான், ஓரிடத்தில் போனால் நான்கிலும் போகும். மிஞ்சுவது ஹான்ட் பிறேக் மட்டும். அதனால் முதல் ஓட்டம் வளவுக்குள், அடுத்தது ஒழுங்கைக்குள். இரண்டிலும் நேராக நின்றால் மட்டும் பருத்தித்துறை வீதிக்கு ஏற்றுங்கள்.