ரசாயன ஆலையின் மாசைக் குறைக்க, கழிவுநீரை நன்றாகச் சுத்திகரித்தால் போதாதா?

போதாது. சுத்திகரிப்பு என்பது வந்துவிட்ட கழிவைச் சமாளிக்கும் வேலை. கழிவே வராதபடி தயாரிப்பு முறையை மாற்ற முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வலிக்குப் போடும் இபுபுரோஃபென் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையில் ஆறு படிகள். உள்ளே போகும் வினைபொருள்களில், எடைக் கணக்கில் சுமார் 40 சதவீதம்தான் மருந்தில் சேரும். மீதி துணைப்பொருளாகவும் கழிவாகவும் போய்விடும். இத்தனைக்கும் இது வினை முழுமையாக நடந்தால் வரும் காகிதக் கணக்கு. நடைமுறையில் இன்னும் மோசம். முதல் படியில் சேர்க்கும் அலுமினியம் குளோரைடு வேறு. வினையூக்கி என்று பெயர்தான், திரும்பப் பயன்படுத்த முடியாது, அதுவும் குப்பைக்குத்தான்.

அப்புறம் பூட்ஸும் ஹெக்ஸ்ட் செலனீஸும் சேர்ந்து நடத்திய பிஎச்சி என்ற கூட்டு நிறுவனம் இதை மூன்றே படிகளில் முடித்தது. 1992இல் டெக்சாஸின் பிஷப் நகரில் ஆலை ஓடத் தொடங்கியது. இதில் 77 சதவீதம் மருந்தாகிறது; துணைப்பொருளான அசிட்டிக் அமிலத்தையும் மீட்டு விற்றால் கணக்கு 99ஐத் தொடும். அலுமினியம் குளோரைடின் இடத்தில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வந்தது. அதுவே கரைப்பானும்கூட. கிட்டத்தட்ட முழுவதையும் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். 1997இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது இந்த முறைக்குக் கிடைத்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஹைட்ரஜன் ஃபுளோரைடு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கழிவு குறைந்தது சரி, ஆனால் குழாய், வால்வு, தொழிலாளர் பாதுகாப்புக்கான செலவு கூடும்.