அமெரிக்கா ஏன் 1917 வரை ஒதுங்கி நின்றது? கேள்வி பதில்

முதல் உலகப் போர் 1914 ஜூலை கடைசியில் மூண்டது. அமெரிக்கா இறங்கியது 1917 ஏப்ரலில். இடைப்பட்ட காலம் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சார், லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மனி மூழ்கடித்ததால்தான் அமெரிக்கா போருக்குப் போனது என்று பள்ளியில் படித்தோம். சரிதானே?

பதில்: தேதிகளைப் பாருங்கள். கப்பல் மூழ்கியது 1915 மே 7. போர்ப் பிரகடனம் 1917 ஏப்ரல் 6. நடுவே கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! 128 அமெரிக்கர்கள் செத்தும் அதிபர் வில்சன் கண்டனக் கடிதம்தான் எழுதினார். அதுவே ரொம்பக் கடுமை என்று வெளியுறவு அமைச்சர் பிரையன் பதவியை உதறிவிட்டுப் போனார். 1916 தேர்தலில் 'நம்மைப் போரில் சிக்காமல் காத்தவர்' என்று சொல்லித்தான் வில்சனுக்கு ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்தார், மயிரிழையில். முடிவைத் தீர்மானித்த கலிஃபோர்னியாவில் வித்தியாசம் நாலாயிரம் ஓட்டுகூட இல்லை.

கேள்வி: அப்படியானால் மார்கன் போன்ற வங்கிக்காரர்கள், கொடுத்த கடன் முங்கிவிடக் கூடாதென்று இழுத்துவிட்டார்களா?

பதில்: பாதிதான் உண்மை. பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நேச நாடுகளுக்குப் போன கடன் 200 கோடி டாலருக்கு மேல். ஜெர்மனிக்குப் போனது அதில் ஒரு துளி. ஜெர்மன் துறைமுகங்களை பிரிட்டன் மறித்துவிட்டதால் சரக்கும் ஒரே திசையில்தான் போனது. நடுநிலை என்பது காகிதத்தில் மட்டும். ஆனால் 1916 நவம்பரில், ஈடில்லாமல் நேச நாடுகளுக்குக் கடன் கொடுப்பதில் எச்சரிக்கையாக இருங்கள் என்று அமெரிக்க மத்திய வங்கியே அறிக்கை விட்டது, வில்சனின் ஒப்புதலோடு. கடனைக் காப்பாற்றப் போருக்குப் போகிறவர் அதைச் செய்வாரா?

கேள்வி: பின்னே யார்தான் முடிவெடுத்தது?

பதில்: என்னைக் கேட்டால், ஜெர்மனி. 1917 ஜனவரி 9 அன்று பிளெஸ் மாளிகையில் ஜெர்மன் பேரரசர் கெய்சர் முன்னிலையில் ஒரு கூட்டம். கடற்படைத் தளபதி ஹோல்ட்ஸென்டார்ஃப் ஒரு கணக்கு வைத்திருந்தார். கண்ணில் படும் கப்பலையெல்லாம், நடுநிலை நாட்டுக் கப்பல் உட்பட, நீர்மூழ்கிகள் தாக்கட்டும். மாதம் ஆறு லட்சம் டன் மூழ்கினால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பட்டினியால் பணிந்துவிடும். அமெரிக்கா சண்டைக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வந்தால் என்ன? அதன் தரைப்படையே ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். ஆள் சேர்த்து, பழக்கி, கடல் தாண்டி அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். பிரதமர் பெத்மன் ஹோல்வெக்குக்கு மனசில்லை. அவர் பேச்சு எடுபடவில்லை.

முதல் பாதி பலிக்கத்தான் செய்தது. அந்த ஏப்ரலில் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியது. பிறகு கப்பல்களைக் கூட்டமாகக் காவலோடு அனுப்பத் தொடங்கியதும் கணக்கு தவறியது. போர் முடிந்தபோது பிரான்ஸில் இருந்த அமெரிக்கப் படையினர் சுமார் இருபது லட்சம்.

கேள்வி: அண்ணா, சிம்மர்மன் தந்தி பிரிட்டன் ஜோடித்த போலி என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

பதில்: போலி இல்லை தம்பி. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மனே மார்ச் 3 அன்று 'நான் அனுப்பியதுதான்' என்று ஒப்புக்கொண்டார். மறுத்திருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள்! அமெரிக்காவோடு போர் வந்தால் மெக்சிகோ நம் பக்கம் சேரட்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை அது மீட்க உதவுவோம் என்பது சாரம். கூத்து என்னவென்றால், அது போனது அமெரிக்க அரசின் தந்தி வழியிலேயே. சமாதானப் பேச்சுக்கு உதவட்டும் என்று வில்சன் திறந்துவிட்ட வழி அது. அந்த வழியையும் பிரிட்டன் ஒட்டுக்கேட்டது. அதை வெளியே சொல்ல முடியுமா? மெக்சிகோவில் இன்னொரு பிரதியைக் கைப்பற்றி, அதைத்தான் காட்டினார்கள்.

அதுவரை ஐரோப்பாக்காரன் சண்டை நமக்கெதற்கு என்றிருந்த தென்மேற்கு மாநிலங்களில் பேச்சு மாறியது. மார்ச்சில் அமெரிக்கக் கப்பல்களும் வரிசையாக மூழ்கின. ஏப்ரல் 2 அன்று வில்சன் நாடாளுமன்றத்தில் போர் கேட்டார்.

கேள்வி: எதிர்ப்பே இல்லையா?

பதில்: செனட்டில் 82க்கு 6, கீழவையில் 373க்கு 50. எதிர்த்தவர்களில் ஒருவர் ஜெனட் ரேங்கின், அந்த நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். 1941இல் ஜப்பான் மீதான போர்த் தீர்மானத்தையும் அவர் எதிர்த்தார், அப்போது தன்னந்தனியாக.

கேள்வி: இதில் இந்தியர்கள் யாராவது சம்பந்தப்பட்டார்களா?

பதில்: கதர் கட்சியினர், அதாவது இந்திய விடுதலைக்காக அமெரிக்காவில் இயங்கிய இந்தியர்கள். ஜெர்மன் பணத்தில் ஆயுதம் வாங்கி இந்தியாவுக்கு அனுப்ப முயன்றார்கள். ஆயுதம் வந்து சேரவில்லை. அமெரிக்கா போரில் இறங்கிய கையோடு அவர்களைப் பிடித்து, சான் பிரான்சிஸ்கோவில் 1917 நவம்பரிலிருந்து வழக்கு நடத்தினார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அமெரிக்காவின் நடுநிலைமையை மீறியது.