ஒரே கட்டில், ஆளுக்கொரு போர்வை: எங்கள் வீட்டுக் கதை

கேள்வி: கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. ராத்திரி போர்வை இழுபறியில் இரண்டு பேருக்கும் தூக்கம் கெடுகிறது. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொண்டால் சரியாகுமா? வீட்டில் பெரியவர்கள் தப்பாக நினைப்பார்களா?

சரியாகும். தப்பாகவும் நினைப்பார்கள். இரண்டையும் அனுபவித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம். வெயிலில் வளர்ந்த உடம்பு. மனைவிக்குத் தளி. வெள்ளைக்காரன் குளிருக்காக ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று கொண்டாடிய ஊர். குளிர்ப் பிரதேசத்துப் பெண், குளிரைத் தாங்குவாள் என்றுதான் நானும் நினைத்தேன். நேர்மாறு. சின்ன வயதிலிருந்தே கம்பளிக்குள் சுருண்டு தூங்கியவளுக்கு மேலே கனமாக ஒன்று இல்லாவிட்டால் கண் மூடாது. எனக்கு ஃபேன் ஐந்தில் ஓட வேண்டும், போர்வை முட்டிக்கு மேல் வரக் கூடாது. நாங்கள் குடியிருப்பதோ இரண்டு ஊருக்கும் நடுவில் கிருஷ்ணகிரியில். மாங்காய் சீசனில் புழுங்கித் தள்ளும், மார்கழியில் விடிகாலை பல் கிட்டும்.

கட்டில், மெத்தை, பெரிய டபுள் பெட்ஷீட் எல்லாம் சீர்வரிசையில் வந்தவை. முதல் மூன்று வருஷம் அந்த ஒரே பெட்ஷீட்டில்தான் ஓடியது. தினமும் காலையில் ஒரே பஞ்சாயத்து: “ஏங்க, ராத்திரி பூரா நீங்கதான் இழுத்துக்கிட்டீங்க.” “நானா? எனக்குப் போர்வையே வேணாம்னு சொல்றவன் நான்!” உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். படுக்கும்போது உதறிவிட்டுப் படுப்பவன் எப்படித் திருடனாக முடியும்?

ஒரு மார்கழி நாள். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ஓசூரிலிருந்து வந்து படுக்க ஒரு மணி ஆகிவிட்டது. காலையில் காபி கொடுக்கும்போது ஒன்றும் பேசாமல் போனை நீட்டினாள். அதிகாலை 4 மணி 12 நிமிஷத்துக்கு எடுத்த போட்டோ. கட்டிலின் நடுவில் கேழ்வரகுக் களி உருண்டை மாதிரி ஒன்று கிடக்கிறது. ஒரு பக்கம் என் காது மட்டும் தெரிகிறது. மெத்தையின் மற்ற பகுதி வெறுமை. “இதுல நான் எங்க இருக்கேன், சொல்லுங்க பாப்போம்” என்றாள். அவள் நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குளியல் துண்டைப் போர்த்திப் படுத்திருக்கிறாள். அதற்கு மேல் வாதாட எனக்கு வாய் இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தூங்கப் போகும் நேரத்தில் உடம்பின் உள்சூடு குறைய ஆரம்பிக்கும். கை கால் வழியாகச் சூட்டை வெளியே தள்ளினால்தான் தூக்கம் வரும். அதனால்தான் படுத்தவுடன் நான் போர்வையை உதறுகிறேன். கனவு வரும் தூக்கமோ ராத்திரியின் பின்பாதியில்தான் அதிகம். அந்த நேரத்தில் உடம்பு தன் சூட்டைச் சரிக்கட்டும் வேலையைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. நடுக்கமும் வராது, வியர்வையும் சரியாக வராது. வெளியே குளிரும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆக 11 மணிக்குப் போர்வை வேண்டாம் என்றவன் 4 மணிக்கு அதே போர்வையைத் தூக்கத்திலேயே சுருட்டிக்கொள்கிறான். திருட்டுதான், ஆனால் திருடனுக்கே தெரியாது.

இன்னொன்று வெறும் அளவுக் கணக்கு. எங்கள் மெத்தை 60 அங்குல அகலம். ஆளுக்கு 30 அங்குலம், அதாவது இரண்டரை அடி. ரயில் ஸ்லீப்பர் பெர்த்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். போர்வை 90 அங்குலம். தட்டையாக விரித்தால் இரண்டு பக்கமும் 15 அங்குலம் தொங்கும், போதும் போலத்தான் தெரியும். இரண்டு உடம்பு உள்ளே போய், ஒருவர் ஒருக்களித்து முட்டியை மடக்கினால் அந்த 15 காணாமல் போகிறது. போதாக்குறைக்கு இரண்டு பேருக்கும் நடுவில் போர்வை கூடாரம் மாதிரி தூக்கி நிற்க, அந்தச் சந்து வழியாக ஃபேன் காற்று நேராக முதுகில் இறங்கும். இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

விடை எனக்குக் கிடைத்தது வேடிக்கையான இடத்தில். கம்பெனியில் புது மெஷின் வாங்கியபோது பயிற்சிக்கு என்னையும் இன்னொருவரையும் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். லாட்ஜில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டபுள் கட்டில். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரே சட்டத்துக்குள் இரண்டு மெத்தை, மேலே இரண்டு ரஜாய் தனித்தனியாக மடித்து வைத்திருக்கிறது. “நம்ம ரெண்டு பேரும் ஆம்பளைங்கன்னு பார்த்துத் தனியாப் போட்டிருக்காங்க சார்” என்றார் கூட வந்தவர். மறுநாள் அங்கிருந்த அம்மாவிடம் கேட்டால் அவர் எங்களை விநோதமாகப் பார்த்தார். அங்கே புருஷன் பெண்டாட்டிக்கும் அதுதான் வழக்கமாம். 135க்கு 200 சென்டிமீட்டர் என்று ஓர் ஆள் ரஜாய்க்குத் தனி அளவே உண்டு. ஸ்வீடன், டென்மார்க், நார்வே பக்கமும் இதே கதை. இன்டர்நெட்டில் இதற்கு ‘ஸ்காண்டிநேவிய முறை’ என்று பெரிய பேர் வேறு.

எங்கள் ஆயாவுக்குத் தெரிந்தால் சிரித்திருக்கும். ஆயாவுக்கு ஒரு பாய், ஒரு கம்பளி. தாத்தாவுக்கு ஒரு பாய், ஒரு துப்பட்டி. ஒருத்தர் துப்பட்டியை இன்னொருத்தர் தொட்டுப் பார்த்ததில்லை நான். ஏழு பிள்ளை பெற்றார்கள். டபுள் பெட்ஷீட் என்பது டபுள் கட்டிலோடு சேர்ந்து நம் வீட்டுக்குள் வந்த சாமான். அதைப் போய் தாம்பத்தியத்தின் அடையாளம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஊருக்கு வந்ததும் சென்னிமலைப் போர்வை சிங்கிள் சைஸில் இரண்டு வாங்கினேன். எனக்கு நீலம், மெல்லிசு. அவளுக்கு மெரூன், கனம். குளிர் காலத்தில் அதற்கு மேல் அவள் அம்மா வீட்டுக் கம்பளி. மெத்தை விரிப்பு மட்டும் பழையபடி ஒன்றே. பஞ்சு நூல் போர்வையாகப் பாருங்கள். பளபளப்பான பாலியஸ்டர் கம்பளி தொட மெத்தென்று இருக்கும், வியர்வையை உறிஞ்சாது, நடு ராத்திரி நசநசக்கும். முதல் இரண்டு மூன்று நாள் ஏதோ மாதிரி இருந்தது, மறைக்க மாட்டேன். அடுத்த வாரம் காலைப் பஞ்சாயத்து நின்றுபோனது தெரிந்தது.

தனி அறைக்கே போய்விடலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. 12 ஜோடிகளைத் தனியாகவும் சேர்ந்தும் தூங்கவைத்துப் பார்த்ததில், சேர்ந்து படுத்த நாட்களில் கனவுத் தூக்கம் சுமார் 10 சதவீதம் கூடியிருக்கிறது, இடையில் அறுபடுவதும் குறைந்திருக்கிறது. எல்லாரும் இளவயது, அதுவும் 12 ஜோடிதான். அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் பிரச்சினை போர்வையில் இருக்கும்போது கட்டிலை ஏன் பிரிக்க வேண்டும்?

போர்வை பிரிப்பதால் தீராதவையும் உண்டு. நான் ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கும்போது மெத்தை ஆடுவது இன்னமும் அவளை எழுப்புகிறது. குறட்டைக்கும் போர்வைக்கும் சம்பந்தமே இல்லை. குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தாலோ, டாக்டரைப் பாருங்கள்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒருமுறை அம்மா வந்திருந்தார். காலையில் கட்டிலில் இரண்டு போர்வை மடித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். “ஏன்டா, ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமா?” எவ்வளவு விளக்கியும் முகம் தெளியவில்லை. கடைசியில் அந்த 4 மணி 12 நிமிஷப் போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “உங்கப்பனும் இப்படித்தான்டா” என்றார். அரூர் திரும்பும்போது பையில் ஒரு சிங்கிள் போர்வையும் போயிற்று. உங்கள் வீட்டில் அவ்வளவு விளக்கம் கொடுக்க விருப்பமில்லை என்றால், காலையில் எழுந்ததும் இரண்டையும் மடித்து பீரோவில் வைத்துவிட்டு, பழைய டபுள் பெட்ஷீட்டை மேலே விரித்துவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை, கேள்வியும் வராது.

ஒரு நடைமுறை எச்சரிக்கை: இரண்டு போர்வையையும் ஒரே நாளில் துவைக்காதீர்கள். போன ஐப்பசியில் இரண்டையும் துவைத்துக் கொடியில் போட்ட மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி வேறு வழியில்லாமல் அந்தப் பழைய டபுள் பெட்ஷீட். விடிகாலை மூன்றரைக்கு முதுகு சில்லென்று விழிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மூக்கு நுனி மட்டும் தெரிய ஓர் உருண்டை. இந்தத் தடவை போட்டோ எடுத்தது நான்.