ஒரே கடைக்கு இரண்டு கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

வணிக மென்பொருளில் ஒரே வாடிக்கையாளரும் ஒரே ரசீதும் இருமுறை பதிவாகிவிடும் சிக்கல் குறித்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஒரு ஜவுளி மொத்த விற்பனை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பில்லிங் மென்பொருளில் ஒரே கடை 1042, 2317 என்ற இரண்டு எண்களில் இருக்கிறது. முதல் கணக்கில் 4,62,000 ரூபாய் பாக்கி காட்டுகிறது. இரண்டாவதில் பில் எதுவும் இல்லாமல் 1,35,000 ரூபாய் வரவு நிற்கிறது. சப்போர்ட்டில் கேட்டால், இரண்டாவதை டெலீட் செய்துவிடுங்கள் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: செய்யாதீர்கள். அந்த 1,35,000 ரூபாய் கடைக்காரர் கையிலிருந்து வந்த பணம். ரசீது போட்டவர் பெயர்ப் பட்டியலில் அடுத்த வரியைத் தேர்ந்தெடுத்திருப்பார், அவ்வளவுதான். கணக்கை அழித்தால் அந்த ரசீதுகளும் கூடவே போய்விடும்; அல்லது எந்த வாடிக்கையாளரையும் சேராமல் தரவுத்தளத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். எது நடந்தாலும், 3,27,000 ரூபாய் மட்டுமே தர வேண்டியவரிடம் நீங்கள் 4,62,000 ரூபாய் கேட்டு நிற்பீர்கள். அவர் ரசீதை எடுத்துக் காட்டினால் உங்களிடம் பதில் இருக்காது.

இரண்டு கணக்குகளையும் இணைக்க வேண்டும். அதற்கு முன் எந்த எண்ணை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். பில்கள் அதிகமுள்ள பழைய எண்ணை வைத்துக்கொள்வது பெரும்பாலும் வசதி. ஆனால் கைபேசி எண்ணும் முகவரியும் புதிய பதிவில்தான் சரியாக இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியே ஒப்பிட்டு எடுங்கள். இந்த முடிவை சப்போர்ட் ஊழியரிடம் விட வேண்டாம். அவருக்குத் தரவுத்தளத்தின் டேபிள் தெரியும், கடைக்காரரைத் தெரியாது.

வாடிக்கையாளர் எண் பில்லிலும் ரசீதிலும் மட்டும் இருப்பதில்லை. திரும்பி வந்த சரக்கு, பின்தேதியிட்ட காசோலை, தள்ளுபடி விகிதம், டெலிவரி முகவரி, கிரெடிட் லிமிட், விற்பனைப் பிரதிநிதியின் ரூட் என்று அது உட்கார்ந்திருக்கும் இடங்கள் பல. அவை அனைத்தின் பட்டியலையும் மென்பொருள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் பேக்கப் எடுத்து, அதன் நகலில் இணைப்பைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இணைப்புக்கு முன் இரு கணக்குகளிலும் இருந்த ரசீதுகளின் எண்ணிக்கையும் நிகரப் பாக்கியும் இணைப்புக்குப் பின் ஒரே கணக்கில் ஒரு ரூபாய் பிசகாமல் வர வேண்டும்; வராவிட்டால் உண்மையான தரவில் கை வைக்கக் கூடாது. மாற்றங்கள் அனைத்தும் ஒரே பரிவர்த்தனையாக நடக்க வேண்டும், அதாவது நடுவில் மின்சாரம் போனாலும் பாதி மாறியது, பாதி மாறாதது என்ற நிலை வரக் கூடாது.

2317 என்ற எண்ணையும் அதன் பிறகு அழிக்கத் தேவையில்லை. அதை முடக்கிவைத்து, இது 1042 உடன் இணைக்கப்பட்டது என்று ஒரு குறிப்பையும், எந்தெந்த ரசீது அங்கிருந்து வந்தது என்ற பட்டியலையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் உள்ள பழைய ரசீதில் அந்த எண்தான் அச்சாகியிருக்கும். நாளை யாராவது அந்த எண்ணைத் தேடினால் மென்பொருள் அவரைச் சரியான கணக்கில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இணைப்பே தவறு என்று பிறகு தெரியவந்தாலும், அந்தப் பட்டியல் இருந்தால் பிரித்துவிடலாம்.

கேள்வி: வாடிக்கையாளர் பெயரைத் தமிழிலேயே பதிகிறோம். ஸ்ரீ என்று தொடங்கும் ஒரு கடையின் பெயர் இரண்டு முறை இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிந்தாலும், மென்பொருள் அவற்றை வெவ்வேறு பெயர்கள் என்கிறது. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கிறது. ஸ்ரீ என்ற வடிவத்தை, ஸ என்ற எழுத்தோடு புள்ளி, ர, ஈகாரக் குறி ஆகியவற்றைச் சேர்த்து எழுதுவது பழைய வழக்கம். எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடுகளை வகுக்கும் யூனிகோட் தரநிலையின், 2005இல் வந்த 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து சேர்க்கப்பட்ட பிறகு, அந்த எழுத்தில் தொடங்கியும் அதே வடிவத்தை எழுத முடிகிறது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் காட்டுகின்றன. ஒரு விசைப்பலகை ஒன்றையும் இன்னொரு விசைப்பலகை மற்றொன்றையும் தருவதால், அலுவலகக் கணினியில் பதிந்த கடையும் கைபேசியில் பதிந்த கடையும் தனித்தனியாகிவிடும்.

கொ, கோ போன்ற எழுத்துகளிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். இவை சமமானவை என்று யூனிகோடே வரையறுத்திருப்பதால், என்.எஃப்.சி. என்னும் சீர்மையாக்கத்தைச் செய்தால் ஒன்றாகிவிடும். ஸ்ரீயின் இரு வடிவங்களை அது ஒன்றாக்காது. அதற்கு உங்கள் மென்பொருளில் தனி விதி எழுதத்தான் வேண்டும். பெயரின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளிகளையும், நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் அதே விதியில் நீக்கிவிடலாம். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். சீராக்கிய வடிவத்தை ஒப்பிடுவதற்கென்று தனிப் புலத்தில் வையுங்கள்.

கேள்வி: நான் மென்பொருள் சப்போர்ட் பிரிவில் இருக்கிறேன். ரசீதைச் சேமிக்கும் முன், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று நிரல் சோதிக்கிறது. அப்படியும் சில ரசீதுகள் ஒரு வினாடிக்குள் இருமுறை பதிவாகின்றன. எங்கே தவறு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சோதிப்பதற்கும் சேமிப்பதற்கும் இடையே உள்ள அந்த நொடிப்பொழுதில்தான் தவறு நடக்கிறது. நெட் மெதுவாக இருக்கும்போது வசூலுக்குப் போனவர் பொத்தானை இன்னொரு முறை அழுத்துகிறார். அல்லது பதில் வராததால் செயலியே மறுபடி அனுப்புகிறது. முதல் கோரிக்கை இருக்கிறதா என்று கேட்கிறது, இல்லை என்று பதில் வருகிறது. அது சேமித்து முடிப்பதற்குள் இரண்டாவதும் கேட்கிறது, அதற்கும் இல்லை என்றே பதில் வருகிறது. பின்னர் இரண்டுமே சேமிக்கின்றன. முதல் தட்டலோடு பொத்தானை முடக்குவது நல்லதே என்றாலும், அது போதாது.

ரசீதுப் படிவம் திறக்கும்போதே அதற்கென்று ஒரு தனி எண்ணை உருவாக்கி, சேமிக்கும்போது அதையும் அனுப்புங்கள். அந்த எண் ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது என்ற யூனிக் விதியைத் தரவுத்தளத்திலேயே போடுங்கள். இரண்டாவது கோரிக்கைக்குப் பிழைச் செய்தி காட்டாமல், ஏற்கெனவே பதிவான ரசீதையே திருப்பிக் கொடுங்கள். வசூல் செய்பவர் குழப்பமின்றி அடுத்த கடைக்குப் போவார்.

இதே விதியை ஜி.எஸ்.டி. எண்ணுக்கும் போட நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இடத்தில் மதிப்பே இல்லாத (NULL) வரிசைகள் எத்தனை இருந்தாலும் மை-எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்களின் வழக்கமான யூனிக் விதி அனுமதிக்கும், எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தளம் ஒன்றுக்கு மேல் அனுமதிக்காது. அங்கே ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத இரண்டாவது சிறு கடையைச் சேர்க்க முடியாமல் தவிக்கும் ஊழியர், ஏதாவது ஒரு போலி எண்ணைத் தட்டிவிட்டு வேலையை முடிப்பார். எண் உள்ள வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும்படி விதியை அமையுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய மென்பொருள், ஒரே வாடிக்கையாளர் போலத் தெரியும் பெயர்களைப் பட்டியலிட்டு, அனைத்தையும் இணைக்கவா என்று கேட்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: மொத்தமாக அழுத்த வேண்டாம். 1969இல் பதிவுகளைப் பொருத்திப் பார்ப்பதற்கான கணிதக் கோட்பாட்டை வகுத்த ஃபெலேகி, சன்டர் இருவரும், கட்டாயம் பொருந்துபவை, கட்டாயம் பொருந்தாதவை என்ற இரண்டோடு நிற்கவில்லை; பொருந்தக்கூடும், மனிதர் பார்க்க வேண்டும் என்று மூன்றாவது பிரிவையும் வைத்தார்கள். உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் அந்த மூன்றாவது பிரிவில் விழுந்தாலும் வியப்பில்லை.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஜி.எஸ்.டி. எண் ஒன்று தமிழ்நாட்டின் குறியீடான 33இலும் மற்றொன்று கர்நாடகத்தின் குறியீடான 29இலும் தொடங்கும். நடுவில் உள்ள 10 எழுத்துகளான பான் எண் இரண்டிலும் ஒன்றுதான். ஆள் ஒருவரே என்றாலும் வரிக் கணக்கில் அவை இரண்டு பதிவுகள், இணைக்கக் கூடாது. மாறாக, ஒரே மாநிலத்தில் ஒரே எண்ணின் கீழ் இரண்டு கிளைகள் இருந்தால், கணக்கு ஒன்று, டெலிவரி முகவரி இரண்டு என்று வைப்பதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் நானே இதில் தவறினேன். கடைப் பெயர் ஒன்று, தெரு ஒன்று, கைபேசி எண்ணும் ஒன்று என்பதால் இரண்டு கணக்குகளை யோசிக்காமல் இணைத்துவிட்டேன். பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனியே வியாபாரம் செய்யும் அண்ணன், தம்பியின் கணக்குகள் அவை. கைபேசி அவர்களின் தந்தையுடையது. அண்ணனின் கடன் பில்லுக்குத் தம்பியிடம் ஆள் போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எது எங்கிருந்து வந்தது என்ற பட்டியலை நான் எடுத்து வைத்திருக்கவில்லை. பில் புத்தகத்தின் கார்பன் நகல்களை மேசையில் பரப்பி, கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று மாலைகள் உட்கார்ந்துதான் இருவர் கணக்கையும் பிரித்தேன். தம்பியிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன்.