ஊசுறதும் உக்குறதும்

கடிதம்:

சார் வணக்கம். வீட்ல இருந்தே மொழிபெயர்ப்பு வேலை பாக்குறேன். இங்கிலாந்துல பாழாப்போன ஒரு பழைய வீட்டப் பத்தின கட்டுரை இப்ப கையில இருக்கு. வீட்டுக்கு டீகே (decay), தோட்டத்து எலைக்கு டீகம்போஸ் (decompose), உத்தரத்துக்கு ட்ரை ராட் (dry rot)னு போட்டிருக்காங்க. அகராதி எல்லாத்துக்கும் அழுகுதல், சிதைதல்னே சொல்லுது. மாத்தி மாத்திப் போட்டுக்கலாமா சார்?

பதில்:

வணக்கம்மா. மாத்திப் போட்டா மாட்டிப்பீங்க, நான் மாட்டியிருக்கேன். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பல் கிளினிக்குக்கு நோட்டீஸ் தமிழ்ல எழுதிக் குடுத்தேன், டூத் டீகேவுக்கு அகராதியப் பாத்து 'பல் அழுகல்'னு போட்டுட்டேன், அங்க கூட்டிப் பெருக்குற அம்மா படிச்சிட்டு "பல்லு சொத்தையாத்தானே போகும், அழுகுறதுக்கு அது என்ன தக்காளியா"ன்னாங்க. வாயத் தெறக்கல நான்.

ராட்டுங்கிறது மூக்குக்குத் தெரியுற சொல்லு. வெங்காய மூட்டைக்கு அடியில கைய விட்டா வழவழன்னு ஒட்டுமே, அது. அதனாலதான் வசவுக்கும் ஆகுது, ஜெயில்லயே கெடந்து ராட் ஆகட்டும்பான், டீகே ஆகட்டும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். டீகே லத்தீன்ல 'விழு'ங்கிற வினையிலேருந்து வந்தது, இருந்த நெலையிலேருந்து மெல்ல மெல்ல எறங்குறது, அதுக்கு நாத்தமும் வேண்டாம் புழுவும் வேண்டாம். கார்பன்-14ங்கிற கதிரியக்கப் பொருள் சுமார் 5730 வருஷத்துல பாதியாக் கொறையுது, அதுவும் டீகேதான். டீகம்போஸ்னா சேந்திருந்தது பிரியுறது. சுண்ணாம்புக்கல்லக் காளவாயில சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளிய போயி சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுதே, கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு அதுகூட டீகம்போஸ்தான். (நம்ம தோட்டத்துக்குப் போடுற கம்போஸ்ட்டும் இதே குடும்பம், அங்க 'சேத்து வச்சது'ன்னு அர்த்தம். அண்ணன் சேக்குறான், தம்பி பிரிக்கிறான்.)

இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா, இங்கிலீஷ் பேப்பர்ல பிணத்த டீகம்போஸ்டு பாடின்னுதான் எழுதுவான், ராட்டன்னு போட்டா செத்தவங்கள அவமானப்படுத்துற மாதிரி ஆயிடும். நம்ம பேப்பர்ல கூசாம 'அழுகிய நிலையில் சடலம் மீட்பு'ன்னு போடுறோம், படிக்கிறவங்களுக்கும் உறுத்துறதில்ல. ஏன்னா இங்கிலீஷ்காரன் சொல்லத் தேடுறப்போ எங்க நின்னு பாக்குறான்னு பாக்குறான், மூக்கப் பிடிச்சிக்கிட்டா, லேப்லயா, தள்ளி நின்னு வருத்தப்பட்டுக்கிட்டா. தமிழ்ல கெட்டுப்போற பொருள்தான் சொல்ல முடிவு பண்ணுது. பால் திரியும், எண்ணெய் காறும், கயிறு இத்துப்போகும், குப்பை மக்கும். காலையில அரைச்ச தேங்காச் சட்னிய வெயில் நாள்ல மத்தியானம் தெறந்து கரண்டியால எடுத்தா நூல் நூலா இழுத்துக்கிட்டு வரும் பாருங்க, அந்த 'ஊசிப்போச்சு'க்கு இங்கிலீஷ்ல சரியான சொல்லே கெடையாது, கெட்டுப்போச்சுன்னு பொதுவாச் சொல்லிட்டுப் போயிடுவான். காறுறதுக்கு மட்டும் ரேன்சிட்னு கச்சிதமா ஒண்ணு வச்சிருக்கான், எண்ணெய் கொழுப்புக்குத்தான் அது.

ஸ்டேல் (stale)னு ஒரு சொல்லு வந்தா உஷாரா இருங்க. முறுக்கு காத்துல இருக்குற ஈரத்த வாங்கி நமுத்துப்போனாலும் ஸ்டேல், ரொட்டி வெறைச்சுப்போனாலும் ஸ்டேல். ஒண்ணு கடக்குமொடக்குன்னு இருந்தது தொவளுது, இன்னொண்ணு மெத்துன்னு இருந்தது கட்டையாகுது, ரெண்டையும் ஒரே சொல்லுல கட்டிட்டான். (ரொட்டி வெறைக்கிறது அதுல இருக்குற மாவுச்சத்து மறுபடி இறுகுறதால, ஃப்ரிட்ஜ்ல வச்சா இன்னும் சீக்கிரம் நடக்கும்.)

இப்ப உங்க கட்டுரைக்கு வருவோம். வீடு சிதிலமாயிட்டுது, தோட்டத்துல எலை மக்குது, இதுல ஒண்ணும் கஷ்டமில்ல. உத்தரந்தான் சிக்கல். ட்ரை ராட்ட 'உலர் அழுகல்'னு போட்டா ஈரமே இல்லாம அழுகுனதாப் படிக்கிறவன் நெனச்சுக்குவான், நெஜத்துல அது செர்புலா லாக்ரிமான்ஸ்னு ஒரு பூஞ்சை, ஈரம் இல்லாம அது பிடிக்கவே பிடிக்காது, பேர்ல இருக்குற லாக்ரிமான்ஸுக்கே கண்ணீர் விடுறதுன்னுதான் அர்த்தம், மேல சொட்டுச் சொட்டாத் தண்ணி கோத்துக்கிட்டு நிக்கும். தின்னு முடிச்சப்புறம் மரம் காஞ்சு பழுப்பாகி, கட்டம் கட்டமா வெடிச்சு, கையால நசுக்குனா பொடியாகும், அதான் ட்ரை. உளுத்துப்போச்சுன்னும் போட வேண்டாம், அது வண்டு தொளைச்சு மாவாக் கொட்டுறது. எங்க பாட்டி மழையில நனைஞ்சு நனைஞ்சு வீணாப்போன கதவுநெலைய 'உக்கிப்போச்சு'ம்பாங்க. நானா இருந்தா 'பூஞ்சை பிடித்து உக்கிப்போன உத்தரம்'னு எழுதுவேன். எடிட்டர் அடிச்சா எனக்குச் சொல்லுங்க.